பொம்மைக்குக் கழுத்து வைத்த கதை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை. என் மாமனாருக்குக் கெலமங்கலம் பக்கம் தக்காளித் தோட்டம். பழம் சிவக்கத் தொடங்கியதும் மைனாக்கள் வந்துவிட்டன. நடுவில் நின்ற வைக்கோல் பொம்மையை அவை மதிக்கவே இல்லை.

"தலை ஆடுச்சுன்னா பயப்படும் மாமா. நான் செஞ்சு தரேன்" என்று, விருந்து சாப்பிட்ட மிதப்பில் சொல்லிவிட்டேன்.

பொம்மை விமானங்களில் வைக்கிற சர்வோ மோட்டார் ஒன்றை, அதை ஓட்டும் குட்டி சர்க்யூட்டோடு வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான். முழுச் சுற்று சுற்றாது, அரை வட்டம் போய்த் திரும்பும். தலையாட்ட அது போதும். அதன் உச்சியில் பல் வைத்த குட்டி முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் பொம்மையின் கழுத்தாக ஒரு தண்டைப் பொருத்த வேண்டும். உடைந்த குடையின் கம்பியை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பசை போட்டு ஒட்டினேன். பசை கம்பியில் பிடித்ததைவிட மோட்டாருக்குள் இறங்கியதுதான் அதிகம். கொசு மாதிரி முனகிவிட்டு மோட்டார் அடங்கியது.

"கம்பெனியிலயும் இப்படித்தான் ஒட்டுறீங்களா?" என்றாள் மனைவி.

இரண்டாவது மோட்டாரில் ஒழுங்காக இறங்கினேன். அதோடு வரும், சிறு பட்டை போன்ற பிளாஸ்டிக் கையைப் பல் முனையில் அழுத்தி, நடுவில் திருகு போட்டேன். கம்பியின் நுனியைத் தட்டித் தட்டையாக்கி, மடக்கி, துளையிட்டு, அந்தக் கையோடு சேர்த்து முடுக்கினேன். கம்பி சாயாமல் இருக்க மேலே ஒரு பலகைத் துளைக்குள் விட்டு, உச்சியில் பழைய பிளாஸ்டிக் குடத்தைத் தலையாகக் கவிழ்த்தேன்.

தோட்டத்தில் பவர் பேங்க்கைச் சொருகியதும் தலை அப்படியே நின்றது. மோட்டார்தான் ஒயரைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. அதைப் பொம்மையின் நடுக் கட்டையோடு இறுக்க மறந்திருந்தேன்.

மாமனார் குனிந்து பார்த்தார். "தலை சும்மாதான் இருக்குது மாப்ள. கழுத்துக்குத்தான் வலிப்பு வந்திருக்குது."

மோட்டாரைக் கட்டையில் வைத்துத் திருகினேன். பொம்மை இடமும் வலமுமாக அழகாகத் தலையாட்டியது. சற்று நேரத்தில் ஒரு மைனா வந்து அந்தக் குடத்தின் மேலேயே உட்கார்ந்து, கூடவே ஆடியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அப்போது கர்நாடகத்திலிருந்து தக்காளி வியாபாரி வந்தார். வரப்பில் நின்று ஒரு விலை சொன்னார். அவருக்கு நேர் எதிரே பொம்மை, முடியாது என்பது போலத் தலையாட்டியது. கொஞ்சம் ஏற்றிச் சொன்னார். அதற்கும் ஆட்டியது.

"என்ன அண்ணா, எது சொன்னாலும் இவரு வேண்டாம்னே தலையாட்டறாரே?"

"மாப்ள வெச்ச ஆளுங்க. கொஞ்சம் கறாரு" என்றார் மாமனார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

வியாபாரி சிரித்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, அதோடு முடித்தார்.

அவர் வண்டி போனதும் நான் பொம்மையைக் கழற்றப் போனேன். மாமனார் தடுத்தார். "மைனாவுக்கு வலை கட்டிக்கலாம். இவரு இங்கயே இருக்கட்டும்."