குடும்பச் சூழ்நிலை காரணமாக

சேலையூர்ப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் சந்திரிகா கணக்கு டீச்சர். பள்ளி வாசலில் வருஷா வருஷம் மாற்றப்படும் பேனரில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்ற எழுத்து ஆள் உயரத்துக்கு நிற்கும். அந்த நூறு எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தோற்கக்கூடிய பிள்ளைகளை ஒன்பதோடு கழற்றி விட்டால் போதும். மிச்சமிருப்பவர்கள் தேறாமல் என்ன செய்வார்கள்?

ஆனால் பள்ளி யாரையும் வெளியே தள்ளியதாகத் தெரியக் கூடாது. பெற்றோரே விரும்பி டி.சி. கேட்டதாக, தங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும். யாராவது ஒரு டீச்சர் எதிரே உட்கார்ந்து இதமாகப் பேசி, வரி வரியாகச் சொல்லி எழுத வைக்க வேண்டும். அந்த வேலை சந்திரிகா தலையில் வந்து விழுந்திருந்தது. அவள் அதட்டிப் பேச மாட்டாள். அழுகிற அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த வரியைச் சொல்வாள்.

முடியாது என்று அவள் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்களைக் கரஸ்பாண்டெண்ட் ராஜகோபால் வாங்கி, தன் பீரோவில் பூட்டிக்கொண்டார். பாதுகாப்புக்காம். அவை இல்லாமல் வேறு எந்தப் பள்ளியும் அவளை வாசலுக்குள் விடாது.

இந்த வருஷம் அட்மிஷன் படுத்துவிட்டது. விலகிப்போன ஆசிரியர்களுக்குப் பதில் ஆள் போடவில்லை. இதற்கெல்லாம் ராஜகோபால் கண்டுபிடித்த மருந்து ஹோமம். சயின்ஸ் லேப்பில் பெஞ்சுகளை ஓரம் கட்டி, செங்கல் அடுக்கி, நெருப்பு வளர்த்தார்கள். சோதனைக் குழாய் வாங்க வழியில்லை என்றவர் நெய்யை மட்டும் தாராளமாக ஊற்றச் சொன்னார். புகை ஸ்டாஃப் ரூம்வரை வந்தது.

அந்தப் புகைக்குள்தான் தனக்கோடி வந்தாள். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் ஷூ தைப்பவள். அரை நாள் லீவு போட்டிருந்தாள். அவள் மகள் தமிழினி ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் தோற்கிறவள்.

“உக்காருங்கம்மா. தமிழினி நல்ல பொண்ணு. இங்க அவளுக்குப் பிரஷர் அதிகமா இருக்கு. வேற ஸ்கூல்னா ஃப்ரீயா படிப்பா” என்றாள் சந்திரிகா.

“ஃபெயிலுன்னா இன்னொரு வருசம் இதே கிளாஸ்ல குந்த வையுங்களேன் மிஸ். படிச்சிக்கினு கெடக்கட்டும்.”

“ஸ்கூல் பாலிசிம்மா.”

“இன்னா பாலிசியோ. சரி, நீங்க சொல்றீங்கோ. சொல்லுங்க, எயுதறேன்.”

நாக்கை ஓரமாகக் கடித்தபடி தனக்கோடி மெதுவாக எழுதினாள். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“எங்க குடும்பத்துக்கு இன்னா மிஸ் சூழ்நிலை? நல்லாத்தான கீறோம். அவங்கப்பா குடியக்கூட உட்டுட்டாரு.”

சந்திரிகா அடுத்த வரியைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் தனக்கோடியே கேட்டாள்.

“எட்டாவதுல பாதி வருசம் கணக்கு டீச்சரே இல்லன்னு பாப்பா சொல்லுச்சு. அத்த வேணா எயுதட்டா?”

குத்திக் காட்டவில்லை. கடிதம் என்றால் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக் கேட்டாள்.

உண்மைதான். அப்போது அந்த வகுப்பை பி.டி. மாஸ்டர்தான் சத்தம் போடாமல் உட்கார வைத்திருந்தார். சொல்லிக் கொடுக்க ஆள் வைக்காதவர்கள், இன்று படிப்பு ஏறவில்லை என்று பிள்ளை நெற்றியில் முத்திரை குத்துகிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே அதைக் குத்தியிருக்கிறோம் என்று சந்திரிகா எண்ணிப் பார்த்ததில்லை.

தாளை இழுத்துக் கிழித்தாள்.

“எழுதாதீங்க. நீங்க கேக்காம யாரும் டி.சி. தர முடியாது. யார் சொன்னாலும் எழுதாதீங்க. நானே சொன்னாலும்.”

“நீங்கதான மிஸ் இப்ப எயுத சொன்னீங்கோ? ஒரே பேஜாரா கீது” என்று எழுந்தாள் தனக்கோடி. ஆனாலும் பேனாவை மறக்காமல் மூடி வைத்துவிட்டுப் போனாள்.

ராஜகோபால் நெய் மணக்க உள்ளே வந்தார். “முடிஞ்சுதா?”

“அவங்க எழுதித் தர மாட்டாங்க சார்.”

“நீங்க பேசலையா?”

“பேசினேன் சார். எழுத வேணாம்னு.”

அவர் சத்தம் போடவில்லை. “நல்லது. பொண்ணைப் பாஸ் போட்டு மேல அனுப்பிடுவோம். டென்த்துக்கு நீங்கதான் கிளாஸ் டீச்சர். அவ கோட்டை விட்டா பேனர் போச்சு. உங்க சர்டிபிகேட்டைப் பத்தி அன்னிக்குப் பேசிக்கலாம்.” கதவருகே திரும்பி, “பிரசாதம் வாங்கிக்குங்க” என்றார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் பத்தாவது போகிற பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் லேப்பில் நடந்தது. கூரையில் கரி படிந்திருந்தது. சந்திரிகா பின்னத்திலிருந்து தொடங்கினாள். “மிஸ், இது ஆறாவது கணக்கு” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். தமிழினி சிரிக்கவில்லை.

போர்டுக்குப் போனவள் திரும்பிப் பார்த்தாள். “மிஸ், நான் ஃபெயிலாயிட்டா உங்கள அனுப்பிடுவாங்களா?”

யார் சொன்னது என்று சந்திரிகா கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல நினைத்தாள். பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இப்போது சொல்ல மறுத்தது.

“கணக்கைப் போடு” என்றாள்.

போட்டாள். தப்பு. கீழே உள்ள எண்களையும் சேர்த்துக் கூட்டியிருந்தாள். சந்திரிகா அதை அழித்துவிட்டு, சாக்பீஸை மறுபடியும் அவள் கையிலேயே கொடுத்தாள்.