பாம்பில்லாத நாட்டுக்குப் போன சித்தி

எங்கள் வீட்டில் நியூசிலாந்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது நான்காம் வகுப்பு. சித்திக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்த அன்று வீடே கொண்டாடியது. சித்தியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்டதாக நினைவில்லை. நான் அப்பாவின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அந்த நாட்டைக் கரைத்துக் குடித்தேன். கிவிப் பறவைக்கு மூக்குத் துளை அலகின் நுனியில் இருக்கிறது. பறக்கத் தெரியாத ஒரு குண்டுக்கிளி ராத்திரியில் நடந்து திரிகிறது. நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு பாம்பு கிடைக்காது.

எங்கள் ஊர் ஆரியங்கோட்டில் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற அப்பா கடைசிச் செய்தியை நம்பவே இல்லை.

"பாம்பில்லாத நாடா? அப்போ எலியை ஆரு பிடிக்கது?"

"எலியே அங்க இல்லாம இருந்ததாக்கும். கப்பல்ல வந்தவங்க கொண்டு விட்டதுதான்."

நான் விடவில்லை. அப்படி வந்த எலியும் பூனையும் பறக்காத பறவைகளைத் தின்று தீர்த்ததால் அங்கே விமான நிலையத்தில் ஏகக் கெடுபிடி என்றேன். தேன், விதை, செருப்பு மண் எதையும் உள்ளே விடமாட்டார்கள்.

ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சித்தி அன்றுதான் முதல் கேள்வி கேட்டாள்.

"ஒரு விதை பெட்டியில கிடந்தா ஆளையும் திருப்பி விட்டுருவாவளா மக்கா?"

"பின்னே? அடுத்த பிளேன்லயே ஏத்தி விட்டுருவாவ."

அது நான் எங்கும் படித்ததல்ல. ஆனாலும் அடித்துச் சொன்னேன்.

புறப்படுகிற அன்று சித்தியின் பெட்டிக்கு நானே அதிகாரியானேன். அம்மா வைத்த தேன் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தேன். பலாக்கொட்டைப் பொதியும் போயிற்று. ஷூவைத் தொட்டபோது சித்தி, "அது புதுசுல்லா, பாக்கண்டாம்" என்றாள். அதிகாரி கேட்பாளா? உள்ளே சுருட்டியிருந்த சாக்ஸில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் மூன்று ரப்பர் கொட்டைகள்!

"நீ இல்லைன்னா எல்லாம் பாழாப் போயிருக்கும், மக்கா" என்று சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். கொட்டையைப் போய் யாராவது முடிச்சுப் போட்டு வைப்பார்களா, இந்தப் பெரியவர்களுக்குத்தான் எவ்வளவு மறதி என்று அலுத்துக்கொண்டேன். சித்தியின் கண் கலங்கியிருந்தது. தப்பித்துவிட்ட சந்தோஷம் என்று நினைத்தேன். மறந்து யாரும் முடிச்சுப் போடுவதில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் எங்களோடு இருக்கப் போகிற சித்தியின் மகள் என் அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். சித்தி அவளுடைய பாதத்தை ஒருமுறை பிடித்துவிட்டு என்னிடம் குனிந்தாள்.

"எல்லாம் சரியாப் பாத்தியா மக்கா? ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

"ஒண்ணுகூட இல்லை சித்தி. தைரியமாப் போங்க. இனி ஆரும் உங்களத் திருப்பி அனுப்ப முடியாது."