சிவப்பு அட்டையில் இன்னொருவன் பெயர்

எங்கள் தெருவில் எது ஓடாமல் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார், மிக்சி, தையல் மிஷின், எதுவானாலும் பரசுராமன் கை வைத்தால் ஓடும் என்று விம்கோ நகரில் ஒரு பேச்சு உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக நான் ஃபிட்டர். அந்தப் பேச்சைக் கேட்டே வயிறு நிரம்பியவன். அதில் பங்குக்கு ஒருவன் வருவான் என்று நினைக்கவேயில்லை.

அவன் பெயர் எபினேசர். முகத்தை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். காத்திவாக்கத்தில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே போனிலும் நெட்டிலும் ஊரார் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறவன்.

என் மனைவி மலர்க்கொடி வீட்டிலிருந்தே அச்சகங்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போன மாதம் அவளுடைய கம்ப்யூட்டர் ஆமையாக நகர ஆரம்பித்தது. நான் கேபினெட்டைத் திறந்து தூசு ஊதினேன். ஸ்குருக்களைக் கழற்றிய வரிசையில் பேப்பரில் அடுக்கி, திரும்ப முடுக்கினேன். வேகம் கூடவில்லை. கம்பெனியில் ஒருவரிடம் பென்டிரைவில் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கி வந்து போட்டேன். மறுநாள் திரை நீலமாகி அடியோடு நின்றுவிட்டது.

அச்சகத்தில் யாரோ நம்பர் கொடுக்க, மலர் எபினேசரைக் கூப்பிட்டாள். அவன் போனில் சொல்லச் சொல்ல எதை எதையோ அழுத்தி எழுப்பினாள். பிறகு அவன் நெட் வழியாக உள்ளே வந்தான். என் வீட்டு மேஜையில், யார் கையும் படாமல், திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அக்கா, ஒரே வூட்ல ரெண்டு வாட்ச்மேன் கீறாங்க. ஒர்த்தன் இன்னொர்த்தன திருடன்னு புட்ச்சிகினு கீறான். அதான் பேஜாரு," என்றான்.

மலர் விழுந்து விழுந்து சிரித்தாள். இருபத்தைந்து வருடத்தில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருந்திருக்கிறது; இரண்டாவதாக நான் போட்ட வாட்ச்மேனை அவன் தூக்கினான். கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களை ஒரு மணி நேரத்தில் சரிசெய்தான். மலருடைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் பதினைந்து வருடப் பழசு; ஆன்டிவைரஸ் அதைக் கண்டாலே வைரஸ் என்று பிடித்துக்கொள்ளும். அதனால் இதைத் தொடாதே என்று ஒரு பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்தான். அந்தப் பட்டியலில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னான்.

எனக்கு அது புரியாமல் இல்லை. கம்பெனியில் மிஷினுக்குள் இறங்குமுன் சுவிட்சில் எங்கள் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டுவோம். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். ஒருமுறை ஆபரேட்டர் ஒருவர் என் அட்டையைக் கழற்றி சுவிட்சைப் போட்டதில் என் இடது சுண்டுவிரல் நுனி போயிற்று. ரத்தம் சொட்டச் சொட்ட அவரை அறைந்தவன் நான்.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் எபி தம்பிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர் நின்றது. எபியைக் கேட்டுப் பார்க்கலாமா என்றாள் மலர். கிரைண்டருக்கு! அவள் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனதும், கிரைண்டரைப் பிரித்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அம்புக்குறி போன வழி எனக்கு மனப்பாடம். பட்டியலைத் திறந்து அவன் சேர்த்ததை எடுத்துவிட்டேன். நெஞ்சு குளிர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெரு அம்புரோஸ் அண்ணன் இறந்துபோனார். நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். பன்னிரண்டுக்குள் போஸ்டர் அச்சகத்துக்குப் போக வேண்டும். மலர் உட்கார்ந்தால் டைப்பிங் சாஃப்ட்வேரையே காணோம், ஆன்டிவைரஸ் விழுங்கியிருந்தது. அண்ணனின் மகள் வாசலில் போட்டோவோடு நின்றுகொண்டிருந்தாள்.

எபினேசர் வந்தான், ஸ்பீக்கரில் குரலும் திரையில் அம்புக்குறியுமாக. நான் பின்னால் நின்றேன். ஆன்டிவைரஸ் என்னென்ன செய்தது என்ற பழைய கணக்கைத் திறந்தான். அதில் ஒரு வரி: ஞாயிறு, பதினொன்று பத்து, பயனர் நீக்கினார். அம்புக்குறி அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"அப்டேட்ல போயிருக்கும்கா," என்றான்.

விழுங்கியதைக் கக்க வைத்து, பெயரைத் திரும்பச் சேர்த்தான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். நல்லவனாக இருப்பதிலும் இவனே முந்த வேண்டுமா என்று பற்றிக்கொண்டு வந்தது. சுண்டுவிரலைப் பார்த்தேன்.

"அப்டேட் இல்லப்பா. நான்தான் எட்த்தேன்," என்றேன்.

அம்புக்குறி அந்தக் கணக்கை மூடியது. பிறகு, "வுடு மாமா," என்ற குரலோடு இணைப்பு அறுந்தது.

மலர் திரும்பாமலே டைப் அடித்துக்கொண்டிருந்தாள். "மவுஸ்ல கிரீஸ் இருந்திச்சி. ஞாயித்துக்கிழமையே தொட்ச்சிட்டேன். நீயா சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்," என்றாள். போஸ்டர் பதினொன்றே முக்காலுக்குப் போயிற்று.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு புது சிவப்பு அட்டை கொண்டுவந்தேன். 'ஆள் வேலையில் உள்ளார், கை வைக்காதே' என்று அச்சடித்திருக்கும்; கீழே பெயருக்கு இடம். எபினேசர் என்று என் கையாலேயே எழுதினேன். எழுதும்போதும் எரிச்சல்தான். மானிட்டர் ஓரத்தில் மாட்டினேன்.

மலர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. சிரித்தது எனக்கா, அட்டையில் இருந்த பெயருக்கா என்று நான் இன்னும் கேட்கவில்லை.