தத்துவ ரேக்கில் ஒரு ஃபிட்டர்

அந்தக் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர், "இப்படி ஒரு சிந்தனையாளரைத் தத்துவத்துறை இத்தனை காலம் கண்டுகொள்ளாதது வெட்கக்கேடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வெட்கக்கேட்டைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தவரே அவர்தான். அந்தத் தாள் அன்றைக்கு என் கைப்பையில் இருந்தது.

ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், எந்தப் புத்தகம் எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று எண் போடுவது என் வேலை. பல வருடங்களுக்கு முன் நகரின் மௌலா அலி பகுதியிலிருந்து ஒரு தமிழர் வந்து, தான் இங்கிலீஷில் எழுதி அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு அது எப்படித் தெரிகிறது, காரணம் சொல்லத் தெரியாத அந்த அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ளலாமா என்று நூற்றுச் சொச்சம் பக்கத்துக்கு விடாமல் கேட்டிருந்தார். நான் எம்.ஏ.வில் படித்த எதுவும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

தத்துவ ரேக்கில் வைக்கத் துறையின் ஒப்புதல் வேண்டும். அனுப்பினேன். "மேற்கோள் ஒன்றுகூட இல்லை. இது தத்துவம் அல்ல" என்று அந்தப் பேராசிரியரே எழுதிக் கையெழுத்திட்ட தாளோடு திரும்பி வந்தது. சமூகவியலில் புள்ளிவிவரம் எங்கே என்றார்கள். ஆங்கிலத்துறையில் கதை எங்கே என்றார்கள். கடைசியில் நானே அதைப் பட்டறைப் பயிற்சி ரேக்கில், லேத்துக்கும் வெல்டிங்குக்கும் நடுவில் சொருகினேன்.

அந்தப் பெரியவர் அவ்வப்போது வருவார்.

"எப்பம்மா அந்தப் பக்கம் மாத்துவீங்க?"

"துறையில எழுதிக் குடுத்தா உடனே மாத்திரலாம் சார்."

"நானே போய் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாம் சார். உங்களுக்கு மரியாதையா இருக்காது."

அவருடைய மரியாதையை நினைத்தா சொன்னேன்? பேராசிரியரோடு எனக்கு வம்பு வேண்டாம், அவ்வளவுதான். பெரியவர் ரேக் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். பிறகு வரவில்லை. இறந்துவிட்டார் என்று எங்கள் பல்கலைக்கழகப் பட்டறை இன்ஸ்ட்ரக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த இன்ஸ்ட்ரக்டர் மூன்று தலைமுறையாக மௌலா அலியில் இருக்கிற தமிழர். அந்தப் புத்தகத்தைத் தொடர்ந்து எடுத்தவர் அவர் ஒருவர்தான். வருடா வருடம் முதல் வகுப்பில் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் லேத்தைத் தொட விடுவார்.

போன வருடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் யாரோ அந்தப் புத்தகத்தைப் புகழ்ந்து எழுதிவிட்டார்கள். உடனே எல்லாத் துறைக்கும் அந்த ஃபிட்டர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அதன் விளைவுதான் அந்தக் கருத்தரங்கு. டீ இடைவேளையில் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இதை லேத் புத்தகத்தோடு வைத்த புத்திசாலி யார் மேடம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. பையைத் திறக்கவில்லை. "மாற்றிவிடுகிறேன் சார்" என்றேன்.

மாற்றினேன். தத்துவ ரேக்கில் ஒரு வாரம் இருந்தது. அரிய நூல் என்று சொல்லித் துறைக்கே எடுத்துப் போய்க் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி பேராசிரியரிடம்.

ஜூலையில் இன்ஸ்ட்ரக்டர் வந்தார். "மேடம், நம்ம புக் எங்க? நாளைக்கு முதல் கிளாஸ் ஷுரு ஆகுது."

சொன்னேன். வெளியே தர மாட்டார்கள் என்பதையும் சொன்னேன்.

"அங்க யாராச்சும் படிக்கிறாங்களா?"

"இல்ல."

"ஹவ்," என்று ஹைதராபாத் பாணியில் 'ஆமாம்' போட்டுத் தலையாட்டினார். "பெரியவரு நடையா நடந்தாரு. அப்ப மாத்தியிருந்தா அவருக்காச்சும் ஆறுதலா இருந்திருக்கும். இப்ப யாருக்காக மேடம் மாத்துனீங்க?"

பை என் மடியில்தான் இருந்தது. அந்தத் தாளை அவரிடமும் நான் காட்டவில்லை.