ஆள் உள்ளே

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். கவிநிலா நிமிஷக் கணக்கில் குறித்து வைத்திருக்கிறாள். வேலை மெனக்கெட்டுப் பொய் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?

திருவண்ணாமலையைத் தாண்டி, வேலூர் ரோட்டில், ஸ்கூட்டர் பாகங்கள் செய்கிற கம்பெனி. போன கார்த்திகை தீபத்தன்று எல்லாருக்கும் லீவு. இவள் மட்டும் கண்ணாடி அறையில், கம்ப்யூட்டர் முன்னால். தகட்டை அழுத்தி வடிக்கிற நான்கு பிரஸ் மெஷின்களையும் ஒரே சாஃப்ட்வேரில் கோத்து, ஒன்று முடித்ததும் அடுத்தது தானாக ஓடும்படி செய்ய வேண்டும். மறுநாள் காலை ஓடவில்லை என்றால் வேலை காலி. மேனேஜர் கண்ணாயிரம் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார், புண்ணியவான்.

பிற்பகல் 2.10. திரையில் சிவப்பு எழுத்து.

'மூன்றாம் பிரஸ்: ஆள் உள்ளே.'

பிரஸ்ஸின் கூண்டுக்குள் போகிறவர் அங்குள்ள பொத்தானை அமுக்கினால் வருகிற எச்சரிக்கை. அது இருக்கும்வரை எந்த மெஷினும் அசையாது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். கூண்டு காலி. சனியன், ஒயர் கோளாறு என்று திட்டிக்கொண்டே எச்சரிக்கையை அழித்தாள்.

2.12. மறுபடி வந்தது. அழித்தாள்.

2.13. மறுபடி...

கண்ணாயிரத்துக்கு போன் போட்டாள்.

"சார், மூணாவது பிரஸ்ல ஆள் உள்ளேன்னு வந்துனே இருக்குது."

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மெஷின்மா. அழிச்சுட்டு வேலைய பாரு. இதுக்கெல்லாம் ஒரு போனா?"

2.15. அழித்தாள்.

டொக்... டொக்... டொக்...

கூண்டுக்குள்ளிருந்துதான்.

கேட்டுக்கு ஓடினாள்.

"பாய், சீக்கிரம் வாங்க!"

வாட்ச்மேன் மொய்னுதீன் வந்து முதல் வேலையாக மெயின் ஸ்விட்சை அணைத்தார். இருவரும் கூண்டருகே போனார்கள். ஒருவரும் இல்லை.

பொத்தான் மட்டும் அமுங்கியது... எழுந்தது... அமுங்கியது...

கவிநிலா கூண்டுக்குள் தலையை நீட்டிக் குனிந்தாள்.

துப்பட்டாவை உள்ளிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"பின்னால வாம்மா!" என்று பாய் அவளைப் பிடித்து இழுத்தார்.

கரண்ட் இல்லாத பிரஸ் இறங்கியது.

தடார்!

துப்பட்டா போனது. கழுத்து தப்பியது.

அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த மூன்றாம் பிரஸ் இங்கே வருவதற்கு முன்பு இருந்த கம்பெனியில் இதே வேலை பார்த்த மாறனைத் தேடிப் பிடித்துப் பேசினாள். அங்கே ஆர்த்தி என்ற பெண் அந்தக் கூண்டுக்குள் நசுங்கிச் செத்திருக்கிறாள்.

"ஒயர் கோளாறுனுதாங்க நெனச்சேன்," என்றான் மாறன். "எழுந்து போய் பாக்கல. ஆபீஸ்ல உக்காந்தே அழிச்சேன். அவ உள்ள இருந்து திரும்பத் திரும்ப அமுக்கினு இருந்திருக்கா. மூணு தடவ அழிச்சேன்."

"அப்புறம்?"

"நாலாவது தடவ வரவே இல்லீங்க."