நன்னடத்தைச் சான்றிதழ்

எழுபதுகளின் நடுவில் நான் கெஜட்டட் ஆபீசர் ஆனேன். கூடிய சம்பளத்தைவிட, பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துப் பக்கம் எங்கள் தெருவில் அந்த உரிமை உள்ளவன் நான் ஒருவனே. சாயங்காலமானால் சான்றிதழ் நகல்களோடு ஆட்கள் வருவார்கள். அசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போடுவேன். பொய்க்குக் கையெழுத்துப் போடாதவன் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“சார், பொண்ணு டைப்பிங் பாஸ் பண்ணிக்கீது. நாளைக்கு கவர்மெண்ட் ஆபீஸ்ல இன்டர்வியூ. நடத்தை சர்டிபிகேட் இல்லாங்காட்டி உள்ளயே வுடமாட்டாங்களாம்.”

நீட்டிய தாளில், ‘இவரை ஐந்து ஆண்டுகளாக நேரில் அறிவேன், நன்னடத்தை உடையவர்’ என்று அவளே டைப் அடித்திருந்தாள். ஒரு பிழை இல்லை. அந்த ஐந்து வருடமும் என் சட்டைகளை வாங்கிப் போய்த் திரும்பக் கொண்டுவந்தவள் அவள்தான். அவள் பெயரைத் தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“பேரே தெரியாத பொண்ணோட நடத்தைக்கு நான் எப்படிப்பா ஜவாப்தாரி ஆறது?” என்றேன்.

பெண் என்னையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மாதம் இஸ்திரிக்குப் போட்ட சட்டையின் பையில் ஆபீஸ் மெமோ ஒன்றை விட்டுவிட்டேன். ப்யூன் முகத்தில் நான் ஃபைலை விட்டெறிந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இந்தப் பெண் அதை என் வீட்டில் யாரிடமும் கொடுக்காமல், நான் வரும்வரை வாசலில் காத்திருந்து என் கையில் கொடுத்தாள்.

“அந்தக் காகிதத்தைப் படிச்சியா?”

“படிச்சேன் சார்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். ‘சார் நல்ல மன்சன், அன்னிக்கு இன்னா கஷ்டமோ, யார்கிட்டயும் சொல்லாத’ன்னாரு.”

என் நடத்தைக்கு அந்த மனிதர் ஒரு கேள்வியும் கேட்காமல் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பெண் மையை ஊதி உலர்த்திக்கொண்டே படியிறங்கினாள்.

மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக ப்யூனிடம் மன்னிப்புக் கேட்டேன். மெமோவுக்கு நான் முன்பே எழுதிக் கொடுத்திருந்த விளக்கத்தில், ஃபைலை எறிந்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டதாக எழுதியிருந்தேன்.