குற்றாலத்தில் இரண்டு மருதமரங்கள்

குற்றாலத்துக்குப் போய் யாராவது மரம் பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். 1964 ஜூலையில், நல்ல சீசனில், நான் போனேன். கல்யாணமாகி நாலு மாதம். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை காலி. நீர்மருது, கருமருது இரண்டின் கிளையையும் நானே பறித்து வந்து செவ்வாய்க்கிழமை வேறுபாட்டை விளக்கினால் வேலை எனக்கு என்றார் துறைத்தலைவர் அம்மா.

ஞாயிறு காலை நானும் என் வீட்டுக்காரரும் ரயிலில் பத்தரைக்குத் தென்காசி. அங்கிருந்து மூன்று மைல், குதிரைவண்டிக்கு முக்கால் ரூபாய். வழியில் சிற்றாற்றங்கரையிலேயே நீர்மருது கிடைத்தது. வெளுத்த பட்டை, தகடு தகடாக உரியும். இலை இருபுறமும் வழவழப்பு.

"எல்லாரும் பழம்லா வாங்கிட்டுப் போவாவ, நீங்க எலையப் பறிக்கியளே!" என்றார் வண்டிக்காரர்.

கருமருதுக்கு மலையேற வேண்டும். செண்பகாதேவி அருவிப் பாதையில் ஒரு மைலுக்கு மேல் ஏறினோம். பட்டை கறுத்து, முதலைத்தோல் போல வெடித்திருக்கும். தூரத்தில் பார்த்தால் இரண்டின் இலையும் அண்ணன் தம்பி மாதிரி. தொட்டால்தான் தெரியும், கருமருதின் தளிர் அடிப்பக்கம் வெல்வெட்டு.

கீழே இறங்கியதும், செய்தித்தாளில் பொதிந்த இலைக்கட்டை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பேரருவியில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், மனிதர் எண்ணெய் தேய்ப்பவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தரை ஈரமாம், கட்டு நனைந்துவிடுமாம், மடியிலேயே வைத்துக்கொண்டாராம்! பிரித்தால் அத்தனையும் நல்லெண்ணெய். வெல்வெட்டு படிந்து இரண்டு இலையும் ஒரே பளபளப்பு.

"என்ன காரியம் செஞ்சிட்டிய! வேலை போச்சே!" அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

மணி நாலு. ஐந்தரைக்கு ரயில். அதை விட்டால் அவர் திங்கட்கிழமை லீவு போடவேண்டும். அவருடைய ஆபீசரோ லேசுப்பட்டவர் இல்லை. எண்ணெய் வடிய எழுந்தார் என் வீட்டுக்காரர்.

"வா, மேல போவோம்."

"ஒங்க ஆபீஸு?"

"எனக்கு ஒரு வேலை இருக்குல்லா. ஒனக்கும் ஒண்ணு இருக்கட்டும். நடட்டி."

இருட்டுவதற்குள் கருமருதோடு இறங்கினோம். இரண்டு ரூபாய்க்கு அறை. மறுநாள் காலை ஆற்றங்கரையில் நீர்மருது. செவ்வாயன்று அந்த அம்மா இரண்டு இலையையும் தடவிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்திரு" என்றார். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நீங்கள் போனால் குளியலை முதலில் முடித்துவிடுங்கள். இப்போது கிளை ஒடிக்கக் கூடாது, தொட்டுப் பார்த்தாலே போதும். துணைக்கு வருகிறவருக்கு மரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இறங்கிய மலையை உங்களுக்காக இன்னொரு தடவை ஏறுகிற ஆளாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள்.